சிவிலா, ஆர்க்கிடெக்சரா, பிளானிங்கா? பள்ளத்தூரிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பள்ளத்தூரில் கொத்தனாராகத் தொடங்கி, இப்போது சின்னச் சின்ன வீட்டு வேலைகளை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறீர்கள். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, உயிரியல் கணிதம் குரூப். கட்டடம் சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். ‘சிவில் படித்தாலே பிளான் போடலாம், வீடும் கட்டலாம் என்கிறார்கள். அப்புறம் ஐந்து வருஷம் ஆர்க்கிடெக்சர் எதற்கு? பிளானிங் என்று வேறு ஒரு படிப்பு இருக்கிறதாமே? படித்துவிட்டு நம்ம பக்கம் வேலை கிடைக்குமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தாவது படிக்கும் மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கலாமா என்று கடைசியில் ஒரு வரி. இதற்குள் இரண்டு கவலைகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. கூடுதலாகப் போகும் ஒரு வருஷமும் பணமும் வீணாகிவிடுமோ என்பது ஒன்று. படித்த பிள்ளை ஊர்ப் பக்கம் திரும்ப வழியே இல்லாமல் போய்விடுமோ என்பது இன்னொன்று.

நான் ஆர்க்கிடெக்சர் படித்து, பழைய கட்டடங்களின் பாதுகாப்பில் முதுநிலை முடித்து, காரைக்குடியை ஒட்டிய ஊர்களில் பல வருஷமாக வேலை செய்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பும் எடுப்பதுண்டு. அதனால் என் பார்வை ஆர்க்கிடெக்சர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அதை மனதில் வைத்துப் படியுங்கள். பாரம், கம்பி, அஸ்திவாரக் கணக்கு என்று வந்தால் நானே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம்தான் போகிறேன்.

மூன்று படிப்புக்கும் உள்ள வேறுபாட்டுக்கு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டையே எடுத்துக்கொள்வோம். முகப்பில் திண்ணை. வந்தவர்களோடு கணக்கு வழக்குப் பேசப் பட்டாலை. அதைத் தாண்டினால் வளவு, நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. பிறகு இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் திறந்தால் அடுத்த தெரு. வெளி ஆள் எதுவரை வரலாம், வீட்டுப் பெண்கள் எங்கே நிம்மதியாக இருக்கலாம், கல்யாணம் என்றால் பந்தி எங்கே நடக்கும், சித்திரை வெயிலில் சூடான காற்று எந்த வழியாக மேலே போகும் என்று யோசித்து இடத்தைப் பிரித்திருக்கிறார்களே, அந்த யோசனைதான் ஆர்க்கிடெக்சர். பர்மாத் தேக்குத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும், தளத்துக்குக் கட்டை எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும், செங்கல் எத்தனை லோடு, வேலை எத்தனை மாதம், கூலி எவ்வளவு ஆகும் என்பது சிவில் பக்கம். சரி, அந்த வீடு ஏன் அந்தத் தெருவில் இருக்கிறது? தெருக்கள் ஏன் அப்படி நேர்கோட்டில் ஓடுகின்றன? தெருவில் விழுந்த மழைத் தண்ணீர் எப்படி ஊருணிக்குப் போய்ச் சேர்ந்தது, கோயிலுக்கும் சந்தைக்கும் இடம் எப்படி ஒதுக்கினார்கள்? இவை திட்டமிடலின் கேள்விகள். அன்றைக்கு வீட்டுக்காரர், ஸ்தபதி, ஆசாரி, கொத்தனார் எல்லோரும் கூடிப் பேசி மூன்றையும் முடித்தார்கள். இன்றைக்கு மூன்றும் தனித்தனிப் பட்டம். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கிடையாது. மார்க் அதிகம் வந்தால் இது, குறைந்தால் அது என்று பார்த்தால் பிள்ளை தவறான வகுப்பில் போய் உட்காரும்.

உங்கள் முதல் சந்தேகத்துக்கு வருகிறேன். சிவில் படித்தவர் வீட்டுக்குப் பிளான் போடலாமா? போடலாம், சந்தேகமே இல்லை. 1972ஆம் வருஷத்துக் கட்டடக் கலைஞர் சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரைத்தான் பாதுகாக்கிறது. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். வடிவமைப்பு வேலையை மற்றவர்கள் செய்யக் கூடாது என்று அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2020இல் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், டவுன் பிளானர் என்று தனித்தனிப் பதிவு இருக்கிறது. யார் எதில் கையெழுத்துப் போடலாம் என்பது அதைப் பொறுத்தது. ஆகவே ‘பிளான் போட்டுக் கையெழுத்து வாங்க’ மட்டும் என்றால் ஐந்து வருஷப் படிப்பு தேவையில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அனுமதி வாங்கிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்களுக்கு இதனால் வேலை குறையும். படித்து வரும் பிள்ளை அதற்கு மேல் என்ன தெரிந்து வைத்திருக்கிறது என்பதுதான் இனி சோறு போடும்.

பி.ஆர்க் ஐந்து வருஷம் என்பது நாடு முழுவதும் ஒன்றுதான். அதில் ஒரு பருவம் ஏதாவது ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். உங்கள் மகளின் குரூப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் இருப்பதால் நான் சொல்லப்போகும் எல்லாக் கதவுகளும் அவளுக்குத் திறந்தே இருக்கின்றன. பள்ளி மார்க் மட்டும் போதாது, நாட்டா என்ற திறனறித் தேர்வு எழுத வேண்டும். இதைக் கவுன்சிலே நடத்துகிறது. இப்போதைய அமைப்பில் 200 மார்க். அதில் 80 படம் வரைவதற்கும் அமைப்புப் பயிற்சிக்கும், மீதி 120 கொள்குறி வினாக்களுக்கும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை 200க்கும் நாட்டாவை 200க்கும் எடுத்து, 400க்குத் தரவரிசை போடுகிறார்கள். திருச்சி என்.ஐ.டி.யிலோ டெல்லி, போபால், விஜயவாடாவில் இருக்கும் ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் என்ற மத்திய அரசுக் கல்லூரிகளிலோ (எஸ்.பி.ஏ.) சேர வேண்டுமானால் ஜே.இ.இ. மெயினின் இரண்டாம் தாள். அதிலும் படம் வரைதல் உண்டு. ஐ.ஐ.டி.களில் கரக்பூர், ரூர்க்கி, வாரணாசி மூன்றிலும் பி.ஆர்க் இருக்கிறது, அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டுக்குப் பிறகு தனித் தேர்வு. உங்களுக்குப் பக்கம் என்று பார்த்தால் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் பி.ஆர்க் இருக்கிறது. சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங், சுருக்கமாக எஸ்.ஏ.பி., அரசுப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறை. கட்டணமும் குறைவு, பெயரும் பெரிது. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பணம் கட்டும் முன் கவுன்சிலின் இணையதளத்தில் அந்த வருஷ அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அனுமதி இல்லாத இடத்தில் படித்தால் பிறகு ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்ய முடியாது. தகுதி விதிகளும் அடிக்கடி மாறுகின்றன, அந்தந்த வருஷக் கையேடுதான் கடைசி வார்த்தை.

கட்டணத்துக்கு மேல் ஆகும் செலவைப் பற்றிப் பலரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தாள், அட்டை, மாடல் செய்யும் சாமான், பிரிண்ட், கனமான மென்பொருள் ஓடக்கூடிய லேப்டாப், வருஷத்துக்கு ஒரு கல்விச் சுற்றுலா என்று கையைக் கடித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி கண் விழிப்பும் அதிகம். வகுப்பில் நாலு பேர் முன்னால் தன் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, ஆசிரியர் அதைக் கிழிகிழி என்று கிழிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். முதல் வருஷம் இதில் அழாத மாணவி குறைவு. முடித்து வெளியே வந்ததும் முதல் இரண்டு மூன்று வருஷம் சம்பளம் சுமார்தான். அதே வயதில் கம்ப்யூட்டர் பக்கம் போன தோழி கூடுதலாக வாங்குவாள். இதைத் தெரிந்துகொண்டு போனால் மனம் தாங்கும்.

சிவில் பக்கம் உங்களுக்கு வீட்டு வாசலிலேயே நல்ல இடம் இருக்கிறது. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி 1952இல் தொடங்கியது, அரசுக் கல்லூரி. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். பி.இ. சிவில் நாலு வருஷம், நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் 50க்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இது சின்ன விஷயம் இல்லை, உங்கள் வீட்டுக் கணக்கையே மாற்றக்கூடியது. பி.ஆர்க் கலந்தாய்வு தனியாக நடப்பதால், இந்தச் சலுகைகள் அங்கே எப்படி வருகின்றன என்பதை அந்த அறிவிப்பில் வரிவரியாகப் படித்துக்கொள்ளுங்கள். சிவில் முடித்தவள் ஸ்ட்ரக்சுரல் பக்கம் போகலாம், சாலை, பாலம், தண்ணீர் என்று போகலாம், பொதுப்பணித் துறைத் தேர்வு எழுதலாம். கட்டுமான மேலாண்மை என்று ஒரு முதுநிலை இருக்கிறது. நீங்கள் தினமும் தலையில் சுமக்கிறீர்களே, ஆள், சாமான், நாள், பணம், அதையே பெரிய அளவில் முறையாகக் கற்றுக்கொடுப்பது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. நிக்மார் போன்ற தனி நிறுவனங்களும் நடத்துகின்றன. உங்கள் காண்ட்ராக்டைப் பிள்ளை எடுத்து வளர்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால் நேர்வழி இதுதான். சைட்டில் வெயிலில் நின்று, மேஸ்திரியோடு வாக்குவாதம் செய்து, சாயங்காலம் அளவெடுத்து பில் போடும் வேலையில் அவளுக்கு விருப்பம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவதாக பிளானிங். இதைப் பற்றித்தான் நம் பக்கத்தில் யாருக்கும் தெரிவதில்லை, ஆனால் நம் பக்கத்துக்கு இப்போது இதுதான் அவசரமாகத் தேவை என்பது என் கருத்து. பி.பிளான் நாலு வருஷப் பட்டம். கிண்டி எஸ்.ஏ.பி.யில் பொறியியல் கலந்தாய்வு வழியாகவே சேரலாம், நாட்டா வேண்டாம். எஸ்.பி.ஏ.க்களில் சேர ஜே.இ.இ. மெயினில் இதற்கென்று ஒரு தாள் இருக்கிறது. அதில் படம் வரைதலுக்குப் பதிலாகத் திட்டமிடல் வினாக்கள் வரும். படிப்பில் நிலப் பயன்பாடு, போக்குவரத்து, குடிநீர், வீட்டுவசதி, பொருளாதாரம், சட்டம், வரைபட மென்பொருள் என்று பலதும் கலந்திருக்கும். காரைக்குடி 2024இல் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆகியிருக்கிறது. புறவழிச்சாலை ஓரமெல்லாம் மனைப்பிரிவுகள் முளைக்கின்றன. ஊருணிக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் மனை போட்டுக் கல் நட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர், கோடையில் காய்ந்த ஊருணி. செட்டிநாட்டு ஊர்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வீட்டு அலங்காரத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். என்னைக் கேட்டால், தண்ணீர் குறைந்த ஒரு பூமியில் தெருவையும் வடிகாலையும் ஊருணியையும் ஒரே யோசனையாக அமைத்ததுதான் அந்த ஊர்களின் பெரிய சாதனை. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்ததும் தனி வீடுகளாக இல்லை, ‘தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள்’ என்றுதான். உத்தேசப் பட்டியல் என்பது இன்னும் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பலர் ஆகிவிட்டதாகவே பேசுகிறார்கள்.

பிளானிங் படித்தவருக்கு வேலை பெரும்பாலும் அரசு சார்ந்தது. நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், மாநகராட்சிகள், அவற்றுக்காக வேலை செய்யும் ஆலோசனை நிறுவனங்கள். நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. ஒரு சௌகரியம் என்னவென்றால், பிளானிங்கை முதலிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பி.ஆர்க் முடித்தவர், சிவில் முடித்தவர் இருவரும் கேட் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி எம்.பிளான் சேரலாம். சில நிறுவனங்களில் புவியியல், பொருளாதாரம், சமூகவியலில் எம்.ஏ. முடித்தவர்களுக்கும் இடம் உண்டு. எனவே பதினேழு வயதில் குழப்பமாக இருந்தால், பி.ஆர்க்கோ சிவிலோ படித்துவிட்டு அப்புறம் இதற்கு வருவது தவறே இல்லை.

இப்போது ஊர்ப் பக்கம் வேலை கிடைக்குமா என்ற கேள்வி. மாதச் சம்பள வேலை என்றால் சென்னையும் கோயம்புத்தூரும் பெங்களூரும்தான், நம் பக்கம் பெரிய அலுவலகங்கள் கிடையாது. ஆனால் செய்வதற்கு வேலை ஏராளமாக இருக்கிறது, அதைச் செய்யத் தெரிந்தவர்கள்தான் கொஞ்சம். ஒரு பழைய வீட்டில் சுவர் பூச்சு பொரிந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? கொத்திவிட்டு சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து மெல்ல வெளியே விடும் சுபாவம் உள்ளது. சிமெண்ட் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிடும். ஈரத்தோடு சேர்ந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் கட்டிகட்டியாகச் சேர்ந்து, சில மழை கழித்து சிமெண்டையும் தள்ளும், கூடவே செங்கல்லின் மேல்தோலையும் பெயர்க்கும். மறுபடியும் சுண்ணாம்பு பூசினால்தான் தீரும். சுண்ணாம்போ காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்கு நாள் பிடிக்கும், அவசரப்பட முடியாது. நீற்றி, ஊற வைத்து, அரைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போல் மெருகேற்றும் கை இன்னும் சில பெரியவர்களிடம்தான் மிச்சம். தளத்தில் ஒழுக்கு என்றால் மேலே இன்னொரு கான்கிரீட் போடுவதும் இதே கதைதான். கீழே இருக்கும் பழைய தேக்குக் கட்டைக்குப் பாரம் ஏறும், ஒழுக்கின் காரணம் அப்படியே இருக்கும். பல சிவில் பட்டதாரிகளுக்குச் சுண்ணாம்பு பாடத்தில் ஒரு சில பக்கம்தான், ஆர்க்கிடெக்சரிலும் அதிகம் கிடையாது. நீங்கள் கொத்தனார். உங்கள் வீட்டுப் பெண் பட்டமும் வாங்கி, உங்களிடமிருந்தும் உங்கள் பெரியவர்களிடமிருந்தும் இந்தக் கைவேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், காரைக்குடிச் சுற்றில் அவளுக்கு இணையாக ஓர் ஆளைத் தேடுவது கடினம். இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்கிறேன்.

வேலையின் சிக்கலையும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய வீட்டுக்கு இன்றைக்குப் பங்காளிகள் பல ஊர்களிலும் பல நாடுகளிலும் இருப்பார்கள். ஓர் ஓடு மாற்றக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். சம்மதம் வராத வீடுகள் மெல்லச் சரிந்து, கடைசியில் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. தப்பித்த சில வீடுகள் ஹோட்டலாக மாறியிருக்கின்றன, அவற்றைப் பராமரிக்க ஆள் தேவை. புதிய வீடு கட்டுகிறவர்களிலும் ஆத்தங்குடிக் கல்லும் முற்றமும் வேண்டும் என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். இந்த வேலை தொடர்ந்து வருமா, சுற்றுலா ஏறுமா இறங்குமா என்பதை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் படித்து முடித்த உடனே ஊரில் போர்டு மாட்டுவதைவிட, நாலைந்து வருஷம் வெளியூரில் நல்ல இடத்தில் வேலை பழகிவிட்டு, அங்கேயே சில வாடிக்கையாளர்களையும் சம்பாதித்துக்கொண்டு வருவது பத்திரம். பழைய கட்டடப் பாதுகாப்பில் எம்.ஆர்க் டெல்லி, போபால் எஸ்.பி.ஏ.க்களில் இருக்கிறது, அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் இதையொட்டிய முதுநிலை இருக்கிறது. மண் கட்டுமானத்தில் குறுகிய காலப் பயிற்சி வேண்டுமானால் புதுச்சேரியை ஒட்டி ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. விடுமுறையில் போய் வரலாம்.

நீங்கள் கேட்காத ஒரு வழியையும் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. மரபுக் கட்டடக்கலையிலும் கல், சுதை, மரச் சிற்பத்திலும் பட்டப்படிப்பு நடக்கிறது. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், நம் பிள்ளையார்பட்டிக்காரர். கோயில் திருப்பணி, சிலை, விமானம் என்று மனம் போகும் பிள்ளைக்கு அது மிக நல்ல இடம், அறநிலையத் துறையில் ஸ்தபதி பணியிடங்களும் உண்டு. ஆனால் அது பி.ஆர்க் அல்ல, வேறு தடம். அதை முடித்து ஆர்க்கிடெக்ட் என்று பதிவு செய்யலாம் என்று எண்ணிச் சேர வேண்டாம்.

உங்கள் மகளுக்கு எது என்று நான் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது, அவளை நான் பார்த்ததில்லை. ஆனால் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், நான் மாணவர்களிடம் செய்து பார்ப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை கானாடுகாத்தானுக்கு அழைத்துப் போங்கள், பக்கம்தானே. உள்ளே விடும் வீடு ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள், பிறகு தெருக்களில் நடங்கள், ஊருணி வரை போங்கள். நீங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பார்த்ததை ஒரு நோட்டில் எழுதவோ வரையவோ சொல்லுங்கள். முற்றத்தில் வெளிச்சம் விழுந்ததையும், முகப்பிலிருந்து பார்த்தால் வாசல்கள் பின்கட்டு வரை ஒரே நேராகத் தெரிவதையும் எழுதுகிறாளா? அந்த உத்தரம் எப்படி அவ்வளவு நீளம் தாங்குகிறது, கட்ட என்ன செலவாகியிருக்கும் என்று உங்களைக் கேட்கிறாளா? இல்லை, பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவே, யார் இங்கே இருக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறாளா? ஒரு நாளில் முடிவு செய்ய வேண்டாம், இரண்டு மூன்று ஊருக்குப் போய்ப் பாருங்கள், எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனியுங்கள். இது விஞ்ஞானப்பூர்வமான சோதனை இல்லைதான். ஆனாலும் கட்-ஆஃப் பட்டியலை வைத்து முடிவெடுப்பதைவிட நான் இதை நம்புகிறேன். படம் வரைய வராதே என்று அவள் பயந்தால், நாட்டாவுக்கு ஓவியர் ஆக வேண்டியதில்லை. ஒரு நாற்காலியை, ஒரு தெருமுனையை, அளவு சரியாக இருக்கும்படி மனதில் பார்த்து வரைந்தால் போதும். தினமும் அரை மணி பென்சிலோடு உட்கார்ந்தால் சில மாதங்களில் கை வந்துவிடும். அதிகக் கட்டணம் வாங்கும் கோச்சிங் அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

முடிவு வராவிட்டாலும் நாட்டாவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்துவிடுங்கள். இரண்டும் தனித்தனி, இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். எஸ்.ஏ.பி.யோ என்.ஐ.டி.யோ போன்ற அரசு இடத்தில் பி.ஆர்க் கிடைத்து, அவளுக்கும் அந்தப் பக்கம் மனம் இருந்தால், ஐந்து வருஷத்துக்குப் பயப்படாமல் அனுப்புங்கள். தனியார் கல்லூரியில் பெரிய கடன் வாங்கித்தான் பி.ஆர்க் என்ற நிலை வந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் காரைக்குடி அரசுக் கல்லூரியில் சிவிலைத்தான் எடுக்கச் சொல்வேன். அங்கிருந்து பிளானிங்குக்கும் கட்டுமான மேலாண்மைக்கும் போகலாம், பழைய கட்டடங்களின் உறுதி பற்றிய ஆராய்ச்சிக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் தனி மையமே இருக்கிறது. ஆர்க்கிடெக்ட் என்ற பெயர் மட்டும் அந்த வழியில் வராது.

மகனுக்குப் பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் நல்ல யோசனைதான். காரைக்குடி அழகப்பா பாலிடெக்னிக் உங்களுக்குப் பக்கம். மூன்று வருஷ டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, மார்க் இருந்தால் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். கணிதம் ஒரு பாடமாக இருக்கும் மூன்று வருஷ டிப்ளமோவை பி.ஆர்க்குக்கும் தகுதியாக ஏற்கிறார்கள், ஆனால் அங்கே முதல் வருஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், நாட்டாவும் எழுத வேண்டும். விடுமுறையில் அவனை உங்களோடு சைட்டுக்கு அழைத்துப் போய், லெவல் டியூப் பிடிக்கவும் அளவுப் புத்தகம் எழுதவும் இப்போதே பழக்குங்கள்.